டங்கன் மன்னரின் கொலையை ஷேக்ஸ்பியர் ஏன் மேடையில் காட்டவில்லை?

கேள்வி இது: "மேக்பெத் நாடகத்தின் அச்சாணியே டங்கன் மன்னரின் கொலைதான். அந்தக் கொலையை மட்டும் ஷேக்ஸ்பியர் ஏன் மேடைக்கு வெளியே வைத்தார்? அது வரலாற்றில் உண்மையாக நடந்ததா? குற்றம் மேக்பெத்தினுடையதா, அவன் மனைவியினுடையதா?"

ஸ்காட்லாந்துத் தளபதி மேக்பெத், மன்னனாகும் பேராசையில், தன் கோட்டையில் விருந்தாளியாகத் தூங்கும் மன்னர் டங்கனைக் கொல்வதுதான் கதை. முதல் கேள்விக்குத்தான் அதிக இடம் தரப்போகிறேன். மற்ற இரண்டும் அதிலேயே வந்து கலந்துவிடும். சுருக்கமான பதில் வேண்டுமென்றால்: கொலையைக் காட்டியிருந்தால் நாம் டங்கனைப் பார்த்து இரக்கப்பட்டிருப்போம். காட்டாமல் விட்டதால், அந்த நேரம் முழுவதும் கொலைகாரர்களோடு தனியாக விடப்படுகிறோம். ஷேக்ஸ்பியருக்கு வேண்டியது அதுதான் என்பது என் எண்ணம்.

வகுப்பறைகளில் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு. "அந்தக் காலத்தில் அரசரைக் கொல்வதை மேடையில் காட்டக் கூடாது, தணிக்கை இருந்தது, ராஜாவுக்குப் பயந்து மறைத்துவிட்டார்" என்பார்கள். தணிக்கை இருந்தது உண்மை. ஆனால் இந்த விளக்கம் நிற்காது. ஜூலியஸ் சீசரை நாடாளும் மன்றத்தில், எல்லோர் கண்முன்னும் குத்திச் சாய்க்க வைத்தவர் இதே ஷேக்ஸ்பியர். ஆறாம் ஹென்றி மன்னரைச் சிறைக்கூடத்தில் கத்தியால் குத்துவதும், இரண்டாம் ரிச்சர்டை ஆள் அனுப்பிக் கொல்வதும் அவர் நாடகங்களில் மேடையிலேயே நடக்கின்றன. ரிச்சர்டு நாடகத்தில் வேடிக்கையான ஒன்று இருக்கிறது. 1597, 1598 ஆண்டுகளில் வந்த அச்சுப் பதிப்புகளில், மன்னர் மணிமுடியைத் துறக்கும் காட்சி இல்லை. கொலைக் காட்சி இருக்கிறது! எலிசபெத் ராணியின் இங்கிலாந்தில் அரசரைக் கொல்வதைவிட, அவரைச் சட்டப்படி இறக்குவதுதான் அச்சிடத் தயங்க வேண்டிய விஷயமாக இருந்திருக்கிறது.

சரி, வேறு நாடகங்களை விடுங்கள். மேக்பெத் நாடகத்திலேயே ரத்தத்துக்குப் பஞ்சமில்லை. மேக்பெத்தின் சக தளபதி பாங்கோவைக் கூலிக் கொலையாளிகள் மேடையில்தான் வெட்டுகிறார்கள். மேக்டஃப் என்ற பிரபுவின் சிறு மகனைத் தாயின் கண்ணெதிரில், நம் கண்ணெதிரிலும், குத்திக் கொல்கிறார்கள். கடைசியில் மேக்பெத்தின் தலையே மேடைக்கு வருகிறது. இத்தனையும் காட்டியவர் ஒன்றை மட்டும் கதவுக்குப் பின்னால் வைக்கிறார் என்றால் அது கூச்சமும் அல்ல, பயமும் அல்ல.

பயத்துக்கு ஓரளவு காரணம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1603இல் ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் ஆனார். ஷேக்ஸ்பியரின் நாடகக் குழு அவருடைய ஆதரவின் கீழ் 'மன்னரின் குழு' என்று பெயர் பெற்றது. இந்த ஜேம்ஸ், 1600ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று, பெர்த் நகரில் கௌரி பிரபுவின் மாளிகைக்கு விருந்தாளியாகப் போன இடத்தில் தன்னைக் கொல்ல முயன்றார்கள் என்று அறிவித்தவர். ஷேக்ஸ்பியரின் குழுவே 1604 டிசம்பரில் அந்தச் சம்பவத்தை நாடகமாகப் போட்டது. கூட்டம் அலைமோதியது. ஆனால் உயிரோடு இருக்கும் அரசரை மேடையேற்றுவது தகாது என்று மேலிடத்தில் முகம் சுளித்ததாக அக்காலக் கடிதம் ஒன்று சொல்கிறது. அதன் பிறகு அந்த நாடகத்தைப் பற்றிய பேச்சே இல்லை, பிரதியும் மிஞ்சவில்லை. அடுத்த ஆண்டே, 1605 நவம்பரில், நாடாளுமன்றத்தையும் அரசரையும் சேர்த்து வெடிவைத்துத் தகர்க்கும் சதி பிடிபட்டது. இந்தச் சூழலில்தான், 1606ஆம் ஆண்டை ஒட்டி, ஸ்காட்லாந்து மன்னர் ஒருவர் தன் பிரபுவின் வீட்டில் விருந்தாளியாகத் தங்கி உயிரிழக்கும் நாடகத்தை ஷேக்ஸ்பியர் எழுதுகிறார். இது பயந்தவன் தேர்ந்தெடுக்கும் கதையா என்று நீங்களே சொல்லுங்கள்.

கிரேக்க மரபிலும் கொலை உள்ளேதான் நடக்கும். கி.மு. 458இல் அரங்கேறிய அகமெம்னான் நாடகத்தில் மன்னர் அரண்மனைக்குள் வெட்டப்படுகிறார். ஆனால் அவருடைய அலறல் வெளியே கேட்கிறது. பிறகு கதவு திறந்து சடலம் காட்டப்படுகிறது, பக்கத்தில் நின்று ராணி கிளைட்டெம்னெஸ்ட்ரா பெருமையோடு பேசுகிறாள். டங்கன் விஷயத்தில் அலறலும் கிடையாது, சடலமும் கிடையாது. அவருக்கு ஒரு கடைசி வார்த்தைகூடத் தரப்படவில்லை. மேடையைவிட்டு அவர் போகும்போது, வீட்டுத் தலைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள் கணவர்மீது எனக்கு மிகுந்த பிரியம், இனியும் அப்படியே இருப்பேன்" என்ற பொருளில் பேசியபடி உள்ளே போகிறார். அவ்வளவுதான். பிறகு அவரை நாம் பார்ப்பதே இல்லை.

இப்போது அந்த இரவுக்குள் போவோம். இரண்டாம் அங்கத்தின் முதல் இரண்டு காட்சிகள் என்றாலும் அரங்கில் ஒரே மூச்சாக ஓடும் பகுதி இது. முதலில் நினைவில் வைக்க வேண்டியது, லண்டனின் குளோப் போன்ற திறந்தவெளி அரங்குகளில் நாடகம் பிற்பகல் வெளிச்சத்தில் நடந்தது. நள்ளிரவைச் சொற்களாலும் ஒரு தீவட்டியாலும்தான் உண்டாக்க வேண்டும். அதனால் பாங்கோவும் அவர் மகன் ஃப்ளியான்ஸும் தீவட்டியோடு வருகிறார்கள். "நிலா இறங்கிவிட்டது" என்கிறான் மகன். "வானத்தில் இன்றைக்குச் சிக்கனம் போலிருக்கிறது, விளக்கையெல்லாம் அணைத்துவிட்டார்கள்" என்கிறார் தந்தை. இடுப்பு வாளைக் கழற்றி மகனிடம் கொடுக்கிறார். அடுத்த நொடியே காலடிச் சத்தம் கேட்டு, "அந்த வாளைக் கொடு. யாரது?" என்கிறார். பதில் வருகிறது: "நண்பன்தான்." வந்தவன் மேக்பெத். நண்பர் வீட்டில், வாயிலில் காவல் போட்ட கோட்டைக்குள், ஒரு தளபதி எதற்கு வாளைத் திரும்பக் கேட்டு வாங்க வேண்டும்? யாரும் எதையும் சொல்லாமலே வீடு கெட்டுவிட்டது தெரிகிறது.

அப்போது பாங்கோ ஒரு வைரத்தை எடுத்து நீட்டுகிறார். அன்பாக உபசரித்த வீட்டுத் தலைவிக்கு மன்னர் கொடுத்தனுப்பிய பரிசு அது. மன்னர் மனநிறைவோடு படுக்கப் போய்விட்டார் என்கிறார். சில நிமிடங்களில் கத்தி பிடிக்கப்போகும் கையில் அந்த வைரம் வந்து விழுகிறது. நாடகத்தில் அது பிறகு ஒருமுறைகூடப் பேசப்படுவதில்லை. பல மேடையேற்றங்களில் இதை அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள், எனக்கு அது வருத்தம்.

பிறகு மேக்பெத் வேலையாளிடம், "என் பானம் தயாரானதும் மணி அடிக்கச் சொல்லு உன் எசமானியம்மாவிடம்" என்கிறான். எந்த வீட்டிலும் இரவில் சொல்லக்கூடிய சாதாரணச் சொல். அந்த மணிதான் கொலைக்குச் சைகை. வேலையாள் போனதும் காற்றில் தொங்கும் கத்தி தெரிகிறது. அது அவனுக்கு மட்டும்தான் தெரிகிறது, நமக்குத் தெரியாது. கைப்பிடி தன் பக்கம் திரும்பியிருப்பதாகச் சொல்கிறான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அலகில் ரத்தத் துளிகள் அரும்புகின்றன. கொலைக்கு முன்பே கொலையின் ரத்தத்தை அவன் பார்த்துவிட்டான். மணி அடிக்கிறது. அவன் போகிறான். மேடை காலியாகிறது.

காலி மேடைக்கு லேடி மேக்பெத் வருகிறாள். காவலர்களுக்குக் கொடுத்த மதுவில் அவளும் கொஞ்சம் குடித்திருக்கிறாள். அவர்களை மயக்கியது தனக்குத் துணிவு தந்தது என்கிறாள். உடனே, "உஷ்!" என்கிறாள். ஆந்தை. இதிலிருந்து அந்தக் காட்சி முழுவதும் காதால்தான் நடக்கிறது. உள்ளே கத்தி இறங்கும் அதே நேரத்தில் ஒரு பெண் இருட்டில் நின்று காது கொடுத்துக்கொண்டிருக்கிறாள், நாமும் அவளோடு நின்று காது கொடுக்கிறோம். "அவர்கள் விழித்துவிட்டார்களோ, காரியம் முடியவில்லையோ" என்று அவள் பதறும்போது, நமக்கும் நெஞ்சு பதறுகிறது. எதற்காகப் பதறினோம்? கொலை தடைப்பட்டுவிட்டதோ என்று! பார்வையாளரை அறியாமலே அவரைக் கொலையாளியின் பக்கம் சாய்த்துவிடும் தந்திரம் இது. படுக்கையறையைக் காட்டியிருந்தால் இது நடந்திருக்காது. அங்கே நாம் டங்கனின் பக்கம்தான் நின்றிருப்போம்.

அந்த நேரத்தில் அவள் வாயிலிருந்து இன்னொன்று நழுவுகிறது: "தூங்கும்போது என் தந்தையைப் போல இல்லாதிருந்தால் நானே செய்திருப்பேன்." நாடகம் முழுவதிலும் டங்கனின் முகத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் ஒரே நெருக்கமான வர்ணனை இதுதான். முந்தின அங்கத்தில், பால் குடிக்கும் குழந்தையைக்கூட வாக்குக் கொடுத்திருந்தால் தரையில் அடித்திருப்பேன் என்று கணவனை உசுப்பேற்றியவள் இவள். அவளால் ஒரு கிழவரைக் குத்த முடியவில்லை.

மேக்பெத் வருகிறான். "செய்துவிட்டேன். சத்தம் ஏதும் கேட்டதா?" பிறகு வருவது உலக நாடக இலக்கியத்திலேயே மிகக் குறைந்த சொற்களில் நடக்கும் உரையாடல்களில் ஒன்று. நீங்கள் பேசவில்லையா? எப்போது? இப்போது. இறங்கி வரும்போதா? ஆம். ஒவ்வொரு பதிலும் ஒரு சொல், இரண்டு சொல். கவிதையாகவே பேசிக்கொண்டிருந்த இருவர், திருட வந்த வீட்டில் கிசுகிசுப்பதைப்போல ஆகிவிட்டார்கள்.

கொலை எப்படி நடந்தது என்று மேக்பெத் சொல்வதே இல்லை. எத்தனை குத்து, டங்கன் விழித்தாரா, எதுவும் கிடையாது. அவன் சொல்வதெல்லாம் பக்கத்து அறையில் தூங்கிய இருவரைப் பற்றி. ஒருவன் தூக்கத்தில் சிரித்தான், இன்னொருவன் 'கொலை' என்று கத்தினான். இருவரும் விழித்துக்கொண்டார்கள், ஜெபம் சொன்னார்கள், திரும்பப் படுத்துக்கொண்டார்கள். "கடவுள் நம்மை ஆசீர்வதிக்கட்டும்" என்றான் ஒருவன், "ஆமென்" என்றான் மற்றவன். மேக்பெத்தால் 'ஆமென்' சொல்ல முடியவில்லை. தொண்டையில் சிக்கிக்கொண்டது. அவன் மனைவி, "இதையெல்லாம் இவ்வளவு ஆழமாக யோசிக்காதீர்கள்" என்கிறாள். அவன் விடுவதாயில்லை. 'ஆமென் ஏன் வரவில்லை, எனக்குத்தானே அது மிகவும் தேவைப்பட்டது' என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான்.

இவன் யார் என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். நாடகத்தின் இரண்டாம் காட்சியிலேயே, காயம்பட்ட ஒரு படைத்தலைவன் வந்து மேக்பெத்தின் வீரத்தைச் சொல்கிறான்: எதிரியைத் தொப்புளிலிருந்து தாடைவரை ஒரே வீச்சில் கிழித்தான், தலையைக் கோட்டைச் சுவரில் நட்டான். அதைக் கேட்டு டங்கன், "வீரனே, தகுதி வாய்ந்த பெருமகனே" என்று மகிழ்கிறார். கொல்வது இவனுக்குத் தொழில். போர்க்களத்தில் கை நடுங்காதவன், தூங்கும் ஒரு கிழவரைக் குத்திவிட்டு ஒரு சொல்லை உச்சரிக்க முடியாமல் நிற்கிறான். நாடகம் கவனிக்கச் சொல்வது இந்த இடைவெளியைத்தான்.

அடுத்தது கத்திகள். பதற்றத்தில் அவற்றை அங்கேயே போடாமல் கையோடு எடுத்து வந்துவிட்டான். பழி காவலர்கள்மேல் விழுவதற்காக, திட்டப்படி அவை அவர்கள் பக்கத்தில் கிடக்க வேண்டும். திரும்பப் போகச் சொன்னால் மாட்டேன் என்கிறான், செய்ததை மறுபடி பார்க்கத் துணிவில்லை. "தூங்குகிறவர்களும் செத்தவர்களும் வெறும் படங்கள்தான், குழந்தைதான் படத்தில் வரைந்த பேயைக் கண்டு பயப்படும்" என்று சொல்லிவிட்டு அவள் கத்திகளை வாங்கிக்கொண்டு உள்ளே போகிறாள். கதவு தட்டப்படுகிறது. அவன் தன் கைகளைப் பார்க்கிறான். கடல் முழுவதும் இந்த ரத்தத்தைக் கழுவாது, இந்தக் கைதான் கடலையே சிவப்பாக்கும் என்கிறான். அவள் சிவந்த கைகளோடு திரும்பி வந்து, "கொஞ்சம் தண்ணீர் போதும்" என்கிறாள். மறுபடி தட்டும் சத்தம். ஒவ்வொரு தட்டுக்கும் அவன் உடல் துள்ளுகிறது. "தட்டித் தட்டி டங்கனை எழுப்பு, உன்னால் முடிந்தால் நல்லது" என்று சொல்லி உள்ளே போகிறான்.

1611இல் குளோப் அரங்கில் இந்த நாடகத்தைப் பார்த்த சைமன் ஃபோர்மன் என்ற சோதிடர் தன் குறிப்பேட்டில் கதையை எழுதி வைத்திருக்கிறார். நேரில் பார்த்தவர் எழுதிய மிகப் பழைய குறிப்பு அதுதான். நாடகம் அச்சில் வந்தது 1623இல், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து. மன்னரைக் கொன்ற ரத்தம் மேக்பெத்தின் கையிலிருந்தும், கத்திகளை ஒளிக்கப் போன மனைவியின் கையிலிருந்தும் எவ்விதத்திலும் போகவில்லை என்று ஃபோர்மன் எழுதுகிறார். பார்க்காத கொலையை அவர் கைகளாக நினைவில் வைத்திருக்கிறார்.

கதவு தட்டுவதைப் பற்றி 1823இல் ஆங்கில எழுத்தாளர் தாமஸ் டி குவின்சி எழுதிய சிறு கட்டுரை புகழ்பெற்றது. கொலை நடக்கும்போது மனித உலகம் நின்றுபோய் வேறொரு உலகம் நுழைந்துவிடுகிறது, தட்டும் சத்தம் கேட்டதும்தான் சாதாரண வாழ்க்கை திரும்பத் துடிக்கத் தொடங்குகிறது, அப்போதுதான் நடுவில் நின்றது எவ்வளவு கொடியது என்று உறைக்கிறது என்பது அவர் வாதம். ஒப்புக்கொள்கிறேன். கூடவே அரங்கக்காரரின் கணக்கும் ஒன்று உண்டு. மேக்பெத்தாக நடிப்பவர் கையைக் கழுவி, ரத்தக்கறை உடையை மாற்றி, இரவு உடையில் தூக்கக் கலக்கத்தோடு வர வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தை நிரப்பத்தான் குடிகார வாயிற்காவலன் தள்ளாடிக்கொண்டு வந்து, தன்னை நரகத்தின் வாசல் காவலனாகப் பாவித்து நகைச்சுவை செய்கிறான். அவன் கிண்டல் செய்யும் 'இரட்டை நாக்குக்காரன்', வெடிச்சதி வழக்கில் 1606இல் தூக்கிலிடப்பட்ட ஹென்றி கார்னட் பாதிரியாரைக் குறிக்கிறது என்பது பெரும்பாலோர் கருத்து. பதினெட்டாம் நூற்றாண்டில் நாகரிகம் கருதி இந்தக் காட்சியை வெட்டினார்கள். வெட்டினால் நாடகம் மூச்சுத் திணறும் என்பதை மேடையேற்றிப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

பொழுது விடிகிறது. மேக்டஃப் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு அலறிக்கொண்டு ஓடி வருகிறார். அவரும் வர்ணிப்பதில்லை. "என்னைப் பேசச் சொல்லாதீர்கள், போய்ப் பாருங்கள், பிறகு நீங்களே பேசுங்கள்" என்கிறார். அப்படியானால் டங்கனின் சடலத்தை நமக்கு யார் காட்டுகிறார்கள்? கொலைகாரன்! காவலர்களை ஏன் கொன்றாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் சாக்கில் மேக்பெத், வெள்ளி போன்ற மேனியில் பொன்னிறக் குருதி சரிகையிட்டிருந்தது என்று பாடுகிறான். அழகுக்கு அழகு சேர்த்த பேச்சு, பொய்யின் வாடை தூக்கலாக அடிக்கிறது. ஆனால் அதற்குச் சற்று முன் அவன் சொன்னது வேறு விதம். "இது நடப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு நான் செத்திருந்தால் நிறைவாக வாழ்ந்தவனாகியிருப்பேன்" என்றான். கேட்பவர்களுக்கு அது அரசருக்காக அழும் விசுவாசியின் புலம்பல். அவனைப் பொறுத்தவரை எழுத்துக்கு எழுத்து உண்மை. தான் எதை இழந்துவிட்டோம் என்பதை ஊரறியச் சொல்லிக்கொண்டே ஊரை ஏமாற்றுகிறான்.

சடலத்தைப் பார்த்த இன்னொருத்தி மிச்சம் இருக்கிறாள். கத்திகளை வைக்கப் போனபோது அவள் அந்த அறையில் என்ன கண்டாள் என்று அன்றிரவு ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஐந்தாம் அங்கத்தில், தூக்கத்தில் நடந்துகொண்டு, கையைத் தேய்த்துக்கொண்டு சொல்கிறாள்: "அந்தக் கிழவரிடம் இவ்வளவு ரத்தம் இருக்கும் என்று யார் நினைத்தார்கள்?" செத்தவர்கள் வெறும் படங்கள் என்றவள் உண்மையில் பார்த்தது இதைத்தான். இரண்டாம் அங்கத்தில் நம்மிடமிருந்து மறைத்த காட்சியை, மூன்று அங்கங்கள் கழித்து, அவள் வாய்வழியாகக் காட்டுகிறார் ஷேக்ஸ்பியர். அன்றே மேடையில் காட்டியிருந்தால் இந்த வரிக்கு வேலையே இல்லை.

இனி வரலாறு. உண்மையான டங்கன் கிழவர் அல்லர், படுக்கையில் சாகவும் இல்லை. 1034இல் அரியணை ஏறி, 1040 ஆகஸ்டில், எல்ஜின் ஊருக்கு அருகே மேக்பெத்தின் தரப்போடு நடந்த மோதலில், இளம் வயதிலேயே கொல்லப்பட்டவர். தந்தைக்குப் பின் மூத்த மகன் என்ற முறை அன்றைய ஸ்காட்லாந்தில் வேரூன்றவில்லை. அரச குலத்தின் கிளைகளில் வலிமையுள்ளவர் பட்டத்துக்கு வருவதே வழக்கமாக இருந்தது. அந்தக் கணக்கில் மேக்பெத்துக்கும் உரிமை இருந்தது. அவன் மனைவி குருவோக் அரச பரம்பரையில் வந்தவள், முதல் கணவன் வழியில் அவளுக்கு லூலாக் என்ற மகனும் இருந்தான். மேக்பெத் பதினேழு ஆண்டுகள் ஆண்டான். 1050இல் ரோமாபுரிக்குப் புனிதப் பயணம் போய், ஏழைகளுக்குப் பணத்தை விதை தூவுவதுபோல் வாரி இறைத்தான் என்று அக்காலத் துறவி ஒருவர் எழுதியிருக்கிறார். நாட்டை விட்டு அவ்வளவு தூரம் போய் வர முடிந்தது என்றால் ஆட்சி ஆட்டம் காணவில்லை என்றுதான் அர்த்தம். 1057இல் லம்ஃபானன் என்ற இடத்தில் டங்கனின் மகன் மால்கமின் படையிடம் வீழ்ந்தான். அதன் பிறகும் மால்கம் உடனே மன்னராகவில்லை, சில மாதங்கள் லூலாக் ஆண்டான்.

ஷேக்ஸ்பியர் கையில் இருந்தது ஹாலின்ஷெட்டின் வரலாற்றுத் தொகுப்பு, 1587இல் வந்த இரண்டாம் பதிப்பு. அதில் டங்கன் கொலைக்கு இரண்டொரு வாக்கியம்தான். நண்பர்களோடு கலந்து பேசி, அவர்களில் முதன்மையானவரான பாங்கோவின் உதவியோடு மேக்பெத் மன்னரைக் கொன்றான் என்று வருகிறது. மனைவி ராணிப் பட்டத்துக்கு ஆசைப்பட்டுத் தூண்டினாள் என்று ஒரு வரி. விருந்து, மது, கத்தி, இருட்டு எதுவும் இல்லை. அவையெல்லாம் அதே புத்தகத்தில் வேறோர் இடத்தில், டங்கனுக்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் முந்திய டஃப் மன்னர் கதையில் இருக்கின்றன. ஃபாரஸ் கோட்டைத் தலைவன் டோன்வால்டு மன்னரின் முழு நம்பிக்கையைப் பெற்றவன். அவன் உறவினர்களை மன்னர் தூக்கிலிட்டதில் மனம் புழுங்கியவன். மனைவி வழி காட்டுகிறாள். படுக்கையறைக் காவலர்களை மூக்குமுட்டக் குடிக்க வைக்கிறார்கள். மன்னரின் கழுத்தை அறுப்பது டோன்வால்டு அல்ல, அவன் அனுப்பிய நான்கு வேலையாட்கள். காலையில் அவன் ஓடி வந்து காவலர்களைக் கொன்று துக்கம் கொண்டாடுகிறான். இவன் ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்கிறான் என்று சிலருக்குச் சந்தேகம் வருகிறது. பிறகு ஆறு மாதம் சூரியன் தெரியவில்லை, ஆந்தை பருந்தைக் கொன்றது, குதிரைகள் தங்கள் சதையையே தின்றன. கொன்ற உடனே மேக்பெத்துக்குக் கேட்கும் 'இனித் தூக்கம் இல்லை, மேக்பெத் தூக்கத்தைக் கொன்றுவிட்டான்' என்ற குரல்கூட மூன்றாவது ஒரு மன்னரின் கதையிலிருந்து, தன் சகோதரன் மகனுக்கு நஞ்சிட்ட கென்னத்தின் கதையிலிருந்து, வந்ததுதான்.

இந்தக் கலவையில் ஷேக்ஸ்பியர் செய்த இரண்டு மாற்றங்களைப் பாருங்கள். கொலைக் கூட்டாளி பாங்கோவைக் குற்றமற்றவராக்கினார். ஜேம்ஸ் மன்னரின் குலம் பாங்கோவிலிருந்து வந்ததாக அன்று நம்பியதால் அது தவிர்க்க முடியாதது. வேடிக்கை என்னவென்றால் பாங்கோ என்று ஒருவர் வாழ்ந்ததற்கே ஆதாரம் இல்லை, 1527இல் ஹெக்டர் போயஸ் எழுதிய வரலாற்றில்தான் முதலில் தலை காட்டுகிறார். இரண்டாவது மாற்றம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நான்கு வேலையாட்களை நீக்கிவிட்டு, கத்தியை மேக்பெத்தின் கையிலேயே கொடுத்தார். ஆள் வைத்துச் செய்திருந்தால் கை சிவந்திருக்காது. பாங்கோவுக்கும் மேக்டஃபின் குடும்பத்துக்கும் பிறகு ஆள் அனுப்புகிறானே, அந்தக் கொலைகள் நம் கண்முன் நடக்கின்றன, மேக்பெத் அங்கே இல்லை. டங்கன் கொலையில் மேக்பெத் இருக்கிறான், நாம் இல்லை. ஷேக்ஸ்பியர் தற்செயலாக இப்படி அமைத்தார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

மனைவியா கணவனா என்ற கேள்விக்கு நான் நீண்ட நேரம் செலவிடமாட்டேன். நாடகத் தொடக்கத்தில் மேக்பெத்தை எதிர்கொண்ட சூனியக்காரிகள் 'நீ மன்னனாவாய்' என்றார்கள், 'கொல்' என்று சொல்லவில்லை. அந்தச் சொல் காதில் விழுந்ததுமே தலைமயிர் சிலிர்க்கும் கோர எண்ணம் ஒன்று வந்ததாக மேக்பெத் தானே சொல்கிறான், அப்போது மனைவிக்குக் கடிதம்கூடப் போகவில்லை. மால்கமைப் பட்டத்து இளவரசனாக டங்கன் அறிவித்ததும் அந்த எண்ணம் இறுகுகிறது. விருந்து நடக்கும்போது வெளியே வந்து கொல்லக் கூடாததற்கு அவனே காரணங்களை அடுக்குகிறான்: நான் உறவினன், குடிமகன், கொலைகாரனுக்கு எதிராகக் கதவைச் சாத்த வேண்டிய வீட்டுக்காரன். தவிர, இவர் மென்மையாக ஆண்டவர். கொல்வதற்கு ஒரு காரணமும் அகப்படவில்லை, பேராசையைத் தவிர. இதைவிடத் தெளிவாக எந்த வழக்கறிஞரும் வாதாட முடியாது. மனைவி அவனை ஏமாற்றவில்லை, ஆண்மை இல்லாதவன் என்று குத்திக்காட்டினாள், வழி சொன்னாள், காவலர்களை மயக்கினாள். உடந்தைதான். ஆனால் எல்லாம் தெரிந்தே கத்தியைத் தூக்கியவன் அவன்.

டங்கனைப் பற்றி ஒரு வார்த்தை. அவரை வெறும் நல்ல கிழவராக நடிக்க வைத்துவிடுகிறார்கள். துரோகியான காடர் பிரபுவுக்கு மரண தண்டனை நிறைவேறிய செய்தி வந்ததும் அவர், முகத்தைப் பார்த்து மனத்தை அறியும் வித்தை இல்லை, அவனை முழுமையாக நம்பியிருந்தேன் என்கிறார். சொல்லி வாய் மூடுவதற்குள் மேக்பெத் உள்ளே வருகிறான், அவனை வாயாரப் புகழ்ந்து வரவேற்கிறார். காடரின் பட்டத்தையே இவனுக்குக் கொடுத்தும்விட்டார். பட்டதிலிருந்து பாடம் படிக்காத அரசர் இவர். ஹாலின்ஷெட்டும் அவரை மிகவும் இளகியவர், தண்டிக்கத் தெரியாதவர் என்றுதான் எழுதுகிறார். அதற்காகக் கொலை நியாயமாகாது, ஆனால் பாத்திரத்துக்கு ஓர் எலும்பு கிடைக்கிறது.

திரைப்படத்தில் இதைப் பார்த்தவர்கள், 'காட்டினால் நன்றாகத்தானே இருக்கிறது' என்று கேட்கக்கூடும். 1971இல் ரோமன் போலன்ஸ்கி எடுத்த படம் படுக்கையறைக்குள்ளேயே போய்விடுகிறது. டங்கன் கண் விழிக்கிறார், மேக்பெத் குத்துகிறான், மணிமுடி தரையில் விழுகிறது. திறமையான காட்சி, வயிற்றைப் புரட்டுகிறது. ஆனால் டங்கன் விழித்த கணத்திலிருந்து அது ஒரு போராட்டமாகிவிடுகிறது. தூங்குகிறவரைக் கொன்றதுதானே மேக்பெத்தின் தூக்கத்தையே கொன்றது? 1957இல் அகிரா குரோசாவா கதையை ஜப்பானியக் கோட்டை ஒன்றுக்குக் கொண்டுபோனபோது கேமராவை மனைவியிடமே நிறுத்திவிட்டார். கணவன் ஈட்டியோடு போகிறான், அவள் காத்திருக்கிறாள், அவளுடைய பட்டாடை உரசும் சத்தம் கேட்கிறது. திரும்பி வந்தவனின் விரல்கள் ஈட்டியை விட மறுக்கின்றன, அவள்தான் பிரித்து எடுக்க வேண்டியிருக்கிறது. மொழி வேறு, ஷேக்ஸ்பியரின் வரி ஒன்றுகூட இல்லை. என்றாலும் நாடகத்தின் இரண்டாம் அங்கத்தைச் சரியாகப் புரிந்துகொண்டு எடுத்த படம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.